கஞ்சித் தொட்டி, சர்க்கரை, பூஞ்சை: வடசென்னையின் ஒரு பத்திய வரலாறு

சாத்தாங்காடு என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இரும்பு. ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் நடந்துகொண்டிருந்த இரும்பு, எஃகு வியாபாரத்தை நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோக சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த சந்தை அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் மணலி ஆலைகள், இன்னொரு பக்கம் திருவொற்றியூர். நாள் முழுக்க லாரி, வெயில், வியர்வை, மணிக்கொரு டீ. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் ராயபுரம். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஊர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நமது சோற்றுத் தட்டைப் பற்றிய ஒரு முக்கியமான மருத்துவ வரலாறும் அதே ஊரில் நடந்திருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைப் புரிந்துகொள்ள அந்த வரலாறு மிகவும் உதவும்.

அந்த நோய் ஈஸ்ட் தொற்று. கேண்டிடா என்ற பூஞ்சையால் வருவது. கைக்குழந்தைகளின் நாக்கில் தயிர் தெளித்தது போல வெள்ளையாகப் படியும். பழைய வைத்தியத்தில் இதை அக்கரம் என்பார்கள். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் கடுமையான அரிப்பும், திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலும் இருக்கும். ஆண்களுக்கு முன்தோலில் சிவந்து வெடிப்பு உண்டாகும். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. (மூட்டை தூக்குபவர்களின் தொடை இடுக்கில் வரும் படர்தாமரை வேறு வகைப் பூஞ்சை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இத்தனை பேருக்கு வரும் நோய்க்கு சாப்பாட்டில் ஏதாவது வழி இருக்கிறதா? எதைத் தின்றால் வரும், எதைத் தவிர்த்தால் வராது? கேள்வி பழையது. சரியான பதில் வந்த பாதைதான் கொஞ்சம் சுற்று வழி.

சூடா, பூஞ்சையா?

நம் வீடுகளில் இதற்கு ஒரே காரணம்தான். "உடம்பு சூடு." வெந்தயத்தை ஊறவைத்துத் தின்னச் சொல்வார்கள். மோர், இளநீர், பழைய சோறு கொடுப்பார்கள். அரிப்பு என்றால் கத்தரிக்காய், கருவாடு போன்ற கரப்பான் பண்டங்களை நிறுத்திவிடுவார்கள். நோய் வந்தால் முதலில் பத்தியம் என்பது நம் பண்பாட்டிலேயே ஊறிய விஷயம். இதில் தவறில்லை. ஆனால் அரிப்பு உண்டாக்குவது ஓர் உயிர் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஐரோப்பாவிலும் அப்படித்தான். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே நலிந்தவர்களின் வாயில் வரும் இந்த வெண்படலம் குறிக்கப்பட்டுவிட்டது. அதற்குள் ஒரு பூஞ்சை இருக்கிறது என்பதை 1839ல்தான் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் கண்டார். அதன் பிறகு அந்தப் பூஞ்சைக்குப் பல பெயர்கள் வைத்தார்கள். கடைசியில் 1923ல் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் என்ற டச்சுப் பெண் ஆய்வாளர் கேண்டிடா என்ற பெயரைக் கொடுத்தார். லத்தீனில் வெண்மை என்று பொருள்.

கேண்டிடா வெளியிலிருந்து படையெடுத்து வரும் எதிரி அல்ல என்பது இங்கே முக்கியம். ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் அது சாதுவாகக் குடியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஏதோ ஒன்று இந்தச் சமநிலையைக் கெடுக்கும்போதுதான் அது பெருகி நோயாகிறது. கர்ப்பகாலத்து ஹார்மோன்கள் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்துக்குப் பிறகு வருவோம்.

மண்ணிலிருந்து வந்த மருந்துகள்

1940களில் பெனிசிலின் போன்ற மருந்துகள் பரவியபோது ஒரு புதுச் சிக்கல் வந்தது. அவை பாக்டீரியாவைக் கொன்றன, பூஞ்சையை விட்டுவிட்டன. போட்டியில்லாத கடை போல பூஞ்சை கொழுத்தது. அதற்கு மருந்து தேடியவர்கள் அமெரிக்காவின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். மாதிரிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டே ஆராய்ச்சி செய்தார்கள். 1950ல் அறிவித்த மருந்துக்கு நியூயார்க் மாநிலத்தின் பெயரை ஒட்டி நிஸ்டாடின் என்று பெயர் வைத்தார்கள். அதில் கிடைத்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேலான காப்புரிமைத் தொகையை தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிகளுக்கே கொடுத்துவிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. புனே அருகே பிம்ப்ரியில் இருக்கும் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில் எம்.ஜே. திருமலாச்சார் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் மண் நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்துகளே மருந்தின் பெயரில் இருக்கின்றன.

மருந்து வந்துவிட்டது. ஆனால் சிலருக்குக் குணமாகி, அடுத்த மாதமே திரும்ப வந்தது. ஏன் திரும்ப வருகிறது என்ற கேள்விதான் மறுபடியும் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுபோனது.

அமெரிக்காவின் ஈஸ்ட் பத்தியம்

1983ல் அமெரிக்காவில் வில்லியம் குரூக் என்ற குழந்தை மருத்துவர் எழுதிய "தி ஈஸ்ட் கனெக்‌ஷன்" என்ற புத்தகம் சக்கைப்போடு போட்டது. சோர்வு, தலைவலி, மனச்சோர்வு என்று எல்லாவற்றுக்கும் உடம்பில் பெருகும் ஈஸ்ட்தான் காரணம் என்றார். சர்க்கரை கூடாது, ரொட்டி கூடாது, புளித்த பண்டம் கூடாது என்று பெரிய பட்டியல். அந்தப் பட்டியல்தான் இன்றைக்கும் பல மொழிகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதை நம்பினால் தமிழன் இட்லி, தோசையைக்கூட விட்டுவிட வேண்டியதுதான்!

இதில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. முதலாவது, ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் வேறு, கேண்டிடா வேறு. இட்லி மாவைப் பெரும்பாலும் புளிக்க வைப்பது பாக்டீரியாக்கள். வேகும்போது அவையும் செத்துவிடும். இட்லி தின்று யாருக்கும் ஈஸ்ட் தொற்று வருவதில்லை.

இரண்டாவது, இனிப்பு தின்றால் பூஞ்சை பெருகும் என்ற நம்பிக்கை. இதை ஜெர்மனியில் நேரடியாகவே சோதித்தார்கள். ஆரோக்கியமான 28 பேருக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்ததில் கேண்டிடாவின் அளவில் பெரிய மாற்றம் இல்லை என்று 1999ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1990ல் குரூக் கூட்டத்தின் கொள்கையையும் அமெரிக்காவில் பரிசோதித்துவிட்டார்கள். சோர்வு, தலைவலி போன்ற பொதுவான தொல்லைகளில் நிஸ்டாடினுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தயிர் விஷயமும் இப்படியே. 1992ல் அமெரிக்காவில் தினமும் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்ட பெண்களுக்குத் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததாக ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதைக் கடைசிவரை முடித்தவர்கள் 13 பேர் மட்டுமே. 2004ல் ஆஸ்திரேலியாவில் 200க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குப் பிறகு வரும் தொற்றை லாக்டோபேசில்லஸ் தடுக்கவில்லை. மோரும் தயிரும் உடம்புக்கு நல்லவை. சாப்பிடலாம். ஆனால் அதுவே மருந்து என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அந்த மூன்றாவது காரணத்தைப் பார்க்க ராயபுரம் திரும்ப வேண்டும்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். காரணம் இருக்கிறது. ஹைதர் அலியுடன் நடந்த போரும் பஞ்சமும் மக்களைச் சென்னைக்குத் துரத்தியபோது, 1782ல் அங்கே கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று தொடங்கியது. மணியக்காரர் பெயரால் மணியக்காரர் சத்திரம் என்று அழைக்கப்பட்டது. பசியோடு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே சிகிச்சையும் தொடங்கினார். அந்த இடம்தான் வளர்ந்து, 1936ல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது.

பசிக்குக் கஞ்சி ஊற்றிய அதே இடத்தில் 1948ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். சோறு இல்லாமல் வந்தவர்களுக்காகப் பிறந்த ஆஸ்பத்திரியில் சோற்றை எப்படி அளந்து சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 1954ல் அவர் ராயபுரத்தில் எம்.வி. மருத்துவமனையைத் தொடங்கினார். பொது மருத்துவமனையாக இருந்த அது 1971ல் நீரிழிவுக்கு மட்டுமான மருத்துவமனையாக மாறியது. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

அன்றைய நீரிழிவுக்காரரின் நிலைமையை இன்று கற்பனை செய்வது கஷ்டம். இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி கிடையாது. பெனடிக்ட் கரைசல் என்ற நீல நிற மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள், ஆரஞ்சு என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயை அறிந்த பழைய இந்திய வைத்தியத்தின் வேதியியல் வடிவம்தான் இது.

அரிசியை விடாத பத்தியம்

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நீரிழிவுக்கு ஒரே பத்தியம்தான். மாவுச்சத்தைக் குறை. தமிழ்நாட்டில் அது "அரிசியை விடு, கோதுமைக்கு மாறு" என்று ஆனது. மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்தவரிடம் இதைச் சொன்னால் நான்கு நாள் கேட்பார், ஐந்தாம் நாள் பழையபடி சோறுதான். எண்ணெய் ஊற்றிய சப்பாத்தியை அளவில்லாமல் தின்றால் சர்க்கரை குறையவும் குறையாது.

ராயபுரத்தில் விஸ்வநாதனும் அவருடன் பணியாற்றிய சி. ஸ்நேகலதா, ஏ. ராமச்சந்திரன் ஆகியோரும் 1970களிலிருந்து வேறு வழியில் போனார்கள். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம், கொழுப்பு குறைவு, மொத்தக் கலோரி அளவோடு என்பதே அவர்கள் வகுத்த உணவு முறை. தானியத்தை விரட்டவில்லை. அதோடு பருப்பு, பயறு, கீரை, காய்கறி சேர்ந்தபோது சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் ஏறியது. நோயாளி தன் வீட்டுச் சமையலிலேயே கடைப்பிடிக்கக்கூடிய பத்தியம். கடைப்பிடிக்க முடியாத பத்தியத்தால் யாருக்கு என்ன லாபம்?

இதற்குள் ஊரின் தட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி எல்லா வீட்டுக்கும் வந்தது. 1967ல் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கிய பேச்சு, 2011ல் ரேஷனில் இலவச அரிசி வரை வந்தது. பசியைப் போக்கியதில் இது பெரிய சாதனை. ஆனால் கேழ்வரகும் கம்பும் ஓரங்கட்டப்பட்டன. சென்னையில் 2000களில் நடந்த ஆய்வில், மக்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. 1989ல் சென்னையில் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த நீரிழிவு 2003-04ல் 14.3 சதவீதம் ஆனது.

சிறுநீரில் வழியும் சர்க்கரை

இப்போது பூஞ்சைக்கு வருவோம். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை சிறுநீரகம் வடிகட்டி, அப்படியே திரும்ப வசூல் செய்துகொள்கிறது. நல்ல கணக்குப்பிள்ளை போல ஒரு பைசா விடாது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் வசூலிக்க முடியாத மிச்சம் சிறுநீரில் போய்விடுகிறது. பெனடிக்ட் கரைசல் செங்கல் நிறமாவது இதனால்தான். அந்த இனிப்பான ஈரத்தில் கேண்டிடாவுக்குக் கொண்டாட்டம். அதே நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பூஞ்சையை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. தீனியும் கிடைக்கிறது, காவலும் தளர்கிறது.

2000ல் வெளிவந்த தில்லி எய்ம்ஸ் ஆய்வு இதை நம் நாட்டுப் பெண்களிடமே காட்டியது. நீரிழிவு உள்ள பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கும் இந்தத் தொற்று இருந்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் கேண்டிடாவின் வேறொரு இனமும் அதிகம் காணப்பட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் ஒற்றை மாத்திரைக்கு அந்த இனம் லேசில் அடங்காது.

இதற்கு இன்னொரு சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும். அதன் வழியில் உருவான கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் 2012, 2013ல் மேலைநாடுகளில் விற்பனைக்கு வந்தன. இவற்றில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020ல் முடிந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. ரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதே இந்த மாத்திரைகளின் வேலை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கின்றன. ஆனால் இந்த வகை மாத்திரை ஒன்றின் சோதனைகளில், சாப்பிட்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஈஸ்ட் தொற்று வந்தது. சாப்பிடாதவர்களில் அது 3 சதவீதம் அளவே.

கவனியுங்கள். இவர்கள் கூடுதலாக இனிப்பு தின்னவில்லை. ரத்தச் சர்க்கரைகூடக் குறைந்துதான் இருந்தது. சிறுநீரில் சர்க்கரை போனது, பூஞ்சை வந்தது. ஆக, நாக்கில் படும் இனிப்பைவிட சிறுநீரில் வழியும் இனிப்புதான் முக்கியம் என்பது தெளிவாகிறது. (இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பயந்து நிறுத்திவிடக் கூடாது. சுத்தமாக வைத்துக்கொண்டு, அரிப்பு வந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும்.)

யாருக்கு என்ன பத்தியம்?

இந்த வரலாற்றிலிருந்து கிடைப்பது எளிமையான பாடம். சர்க்கரை நோய் இல்லாத ஒரு பெண்ணுக்கு எப்போதாவது ஈஸ்ட் தொற்று வந்தால், அதற்காக அவர் இட்லியையோ கருவாட்டையோ விட வேண்டியதில்லை. "நீ தின்ற கத்தரிக்காய்தான் காரணம்" என்று வீட்டில் அவரைக் குற்றம் சொல்லவும் தேவையில்லை. அவருக்குத் தேவை சரியான மருந்து. நீரிழிவு உள்ளவருக்கோ ராயபுரத்துப் பத்தியம்தான் பூஞ்சைக்கும் பத்தியம். தட்டில் சோற்றின் அளவு குறைந்து பருப்பும் கீரையும் காயும் ஏறினால் ரத்தச் சர்க்கரை அந்த 180க்குள் நிற்க வழி பிறக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்கள். அவர்களில் சிலருக்கு நோயின் முதல் அறிகுறியே திரும்பத் திரும்ப வரும் இந்த அரிப்புதான். அதைச் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தால், உள்ளே கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்பும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை இது.

தமிழ்நாட்டில் 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறையை டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்தினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. இன்னும் நோயாகாத நிலையில் பிடித்துவிட்டால் தடுக்கவும் முடியும். சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம்தான்.

எனவே வருடத்தில் மூன்று நான்கு முறை அரிப்பும் வெள்ளைப்படுதலும் திரும்பி வந்தால், அது சாத்தாங்காட்டில் இருப்பவராக இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் இருப்பவராக இருந்தாலும் சரி, வெந்தயம் ஊறப்போடுவதோடு நிறுத்தாமல் ரத்தத்தில் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது. வீட்டில் அம்மாவோ அக்காவோ சொல்லத் தயங்கினால், பிள்ளைகளே கேட்டு அழைத்துப் போகலாம்.